குமரி மாவட்டத்தில் ஒரு பொருளாதாரப் புவியியலாளர் எதைத் தேடுகிறார்?

குழித்துறைப் பக்கத்தைச் சேர்ந்தவர், புவியியலில் முதுகலை முடிக்கப் போகிறவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு நீங்கள் இப்படிக் கேட்டிருக்கிறீர்கள்: “வட்டாரப் பொருளாதார வளர்ச்சியை ஆராயும் புவியியல் பேராசிரியர்களுக்கு என்ன படிப்புப் பின்னணி இருக்கிறது? அவர்கள் உண்மையில் எதை ஆராய்கிறார்கள்? அது பொருளியல் படித்தவர்களின் வேலை அல்லவா? எங்கள் மாவட்டம் கல்வியிலும் வருமானத்திலும் முன்னணியில் இருக்கும்போது இங்கே ஆராய என்ன மிச்சம் இருக்கிறது?” கேள்வியின் முற்பகுதி ஒரு தொழிலைப் பற்றிக் கேட்டாலும், உங்கள் மனத்தில் உள்ள ஐயம் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். முன்னேறிவிட்டதாகக் கணக்குகள் சொல்லும் ஓர் ஊரில் பிறந்து, படித்த படிப்புக்கு அந்த ஊரிலேயே வேலை கிடைக்காமல் நிற்கும் ஒருவருக்கு எழக்கூடிய ஐயம் அது. ஆகவே அதற்கே முதன்மையாகப் பதில் சொல்கிறேன். பின்னணி பற்றிய பதிலும் அதனூடே வந்துவிடும்.

நான் கல்குளம் தாலுகாவில் பிறந்தவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் தலைமுறையில் பொருளாதாரப் புவியியலுக்கு வந்த பலரைப் போல நானும் முதலில் படித்தது மழை, மண், பாறை, வடிகால் ஆகியவற்றைத்தான். பட்டப்படிப்பில் எங்களுக்கு முதலில் கையில் கொடுக்கப்பட்டது தலப்படம், அதாவது மேடு பள்ளம், ஆறு, சாலை, ஊர் எல்லாவற்றையும் அளவோடு காட்டும் டோப்போஷீட். குமரி மாவட்டம் இந்திய நில அளவைத் துறையின் 58-எச் என்ற தொகுதிக்குள் வருகிறது. ஆனால் கடற்கரையை ஒட்டிய பகுதிகளின் தலப்படங்கள் அப்போது பாதுகாப்புக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால், சொந்த மாவட்டத்தின் படத்தைப் பார்க்க அனுமதிக் கடிதத்தோடு அலைய வேண்டியிருந்தது. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகுதான் பொதுமக்கள் பயன்படுத்துவதற்கென்று தனித் தலப்படங்கள் வரத் தொடங்கின. பொருளியல் நூல்களை நான் முறையாகப் படித்தது ஆய்வுப் பட்டத்துக்குப் பதிவு செய்த பிறகுதான். இந்த வரிசையை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை. பொருளியலார் ஒரு மாவட்டத்தின் உற்பத்தி எவ்வளவு, வருமானம் எவ்வளவு என்று தொடங்குகிறார்கள். நாங்கள் அது எந்த இடத்தில் உண்டாகிறது, ஏன் அங்கே உண்டாகிறது, உண்டானபின் எங்கே போய்த் தங்குகிறது என்று தொடங்குகிறோம். இரண்டு கேள்விகளும் ஒன்றுக்கொன்று துணையானவை. ஆனால் இரண்டாவது கேள்வியைக் கேட்காவிட்டால் குமரி மாவட்டம் புரியாது என்பது என் அனுபவம்.

முதலில் கணக்கு சொல்வதைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள் 18.7 லட்சம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100-க்கு மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டின் சராசரி அதில் ஏறக்குறையப் பாதிதான். எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்திலேயே முதலிடம். மாநிலத் திட்டக்குழுவின் 2017-ஆம் ஆண்டு மனித மேம்பாட்டுக் குறியீட்டிலும் முதலிடம். நகர மக்கள் 82 விழுக்காட்டுக்கு மேல். சென்னைக்கு அடுத்தபடி இதுதான். கோயம்புத்தூருக்குக்கூட அதற்குப் பிந்திய இடமே. இந்த எண்களில் எதுவும் பொய் இல்லை. ஆனால் கடைசி எண்ணை எடுத்துக்கொண்டு ஆற்றூருக்கோ பொன்மனைக்கோ போய் நின்று பாருங்கள். சுற்றிலும் ரப்பர், தென்னை, வாழை, மரச்சீனி, நடுநடுவே வீடுகள். நீங்கள் நிற்கும் இடம் பேரூராட்சி என்பதால் கணக்கில் அது நகரம். மாவட்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் இருப்பதும், அடர்த்தியான ஊராட்சிகள் பல கணக்கெடுப்பு நகரங்களாகச் சேர்க்கப்பட்டதும்தான் அந்த 82 விழுக்காட்டின் பெரும்பகுதியை உண்டாக்குகின்றன. 2004-இல் தமிழக அரசு பெரும்பாலான பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் என்று மாற்றியது. 2006-இல் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு மரமும் ஒரு வீடும் இடம் மாறவில்லை. அரசாணையின் பெயரில் மட்டும் கிராமம் வந்து போயிற்று.

இது வெறும் பெயர்ப் பிரச்சினை அன்று. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த நூறு நாள் வேலைத் திட்டம் ஊரகப் பகுதிகளுக்கு மட்டுமே உரியதாக அமைந்தது. ஆகவே ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேரில், ஊராட்சிப் பக்கம் வீடு வைத்திருப்பவருக்கு மழைக்காலத்தில் திட்டத்தின் அட்டையும் வேலையும் இருந்தன. சாலையின் மறுபுறம் பேரூராட்சி எல்லைக்குள் இருந்தவருக்கு அவை இல்லை. எந்த எல்லையை வைத்து அளக்கிறோமோ அந்த எல்லை விடையை மாற்றிவிடுகிறது என்பது புவியியலில் நீண்ட காலமாகப் பேசப்படும் ஒரு சிக்கல். எங்கள் மாவட்டத்தில் அது புத்தகத்தில் படிக்கும் சிக்கலாக இருப்பதில்லை, வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

ஏன் இந்த மாவட்டம் இப்படிக் கிராமமும் இல்லாமல் நகரமும் இல்லாமல் இருக்கிறது என்று கேட்டால், விடை மழையிலிருந்து தொடங்குகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே உண்டு. ஆனால் பேச்சிப்பாறைப் பக்கம் பெய்கிற அளவு ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் பெய்வதில்லை. அங்கே காற்றுதான் விளைச்சல், முப்பந்தலின் காற்றாலைகளே அதற்குச் சான்று. கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில், பழைய நாஞ்சில் நாட்டில், குளமும் கால்வாயும் பாயும் சமதள வயல்கள். அங்கே வயலை மிச்சம் பிடிக்க வீடுகளைத் தெருவாக நெருக்கிக் கட்டினார்கள். மேற்கே விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் மேடும் பள்ளமுமான செம்மண் நிலம். பள்ளத்தில் ஏலா என்று நாம் சொல்லும் நெல்வயல், மேட்டில் விளை. தண்ணீர் எல்லா இடத்திலும் கிணற்றில் கிடைத்ததால் ஒவ்வொரு குடும்பமும் தன் விளையிலேயே வீடு கட்டியது. ‘விளை’ என்று முடியும் ஊர்ப்பெயர்களை ஒரு படத்தில் புள்ளியிட்டுப் பாருங்கள். மழையும் மேட்டுநிலமும் எங்கே இருக்கின்றன என்பதை அந்தப் பெயர்களே ஓரளவு காட்டிவிடும். இந்தப் பயிற்சியை நான் பல ஆண்டுகள் மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். பெயர் மட்டும் போதுமான ஆதாரம் இல்லை, ஏனென்றால் புதிதாக வந்த பெயர்களும் அதில் கலந்திருக்கின்றன. ஆனாலும் தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

என்னுடைய முதல் ஆய்வு சந்தைகளைப் பற்றியது. ஜெர்மானியப் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர் 1933-இல் முன்வைத்த மைய இடக் கோட்பாட்டை நீங்கள் படித்திருப்பீர்கள்: சிறிய தேவைகளுக்குச் சிறிய ஊர், பெரிய தேவைகளுக்குப் பெரிய ஊர், அவை ஒரு தேன்கூட்டு ஒழுங்கில் பரவியிருக்கும் என்பது அதன் சாரம். குமரியில் கிழமையின் பெயரையே ஊரின் பெயராகக் கொண்ட திங்கள்சந்தையும் வெள்ளிச்சந்தையும் இருப்பதால், கோட்பாடு இங்கே அப்படியே பொருந்தும் என்று நம்பிப் போனேன். திங்கட்கிழமை விடியுமுன் திங்கள்சந்தையில் நின்று, வாழைக்குலை இறக்குகிறவர்களிடமும் மண்பானை விற்கிறவர்களிடமும் கருப்பட்டிக் கொட்டானோடு உட்கார்ந்திருந்த அம்மாக்களிடமும் எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், நாளை எந்தச் சந்தை என்று கேட்டு எழுதினேன். கிடைத்த ஊர்களைப் படத்தில் குறித்தபோது தேன்கூடு வரவில்லை. கிறிஸ்டாலரின் கோட்பாடு ஊருக்கும் ஊருக்கும் நடுவே பரந்த விவசாய நிலம் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. எங்கள் மேற்குப் பகுதியில் அந்த நடுவெளியே இல்லை. வாங்குகிறவர் எல்லாத் திசையிலும் ஏறக்குறையச் சம தூரத்தில் இருக்கும்போது, தூரத்தைவிடச் சாலையும் பேருந்தும்தான் சந்தையைத் தீர்மானிக்கின்றன. தொடுவெட்டி என்ற பழைய சந்தை மார்த்தாண்டம் என்ற பெரிய வணிக ஊராக வளர்ந்ததற்கு அது திருவனந்தபுரம் - நாகர்கோவில் சாலையில் இருந்தது ஒரு முக்கியக் காரணம் என்று உறுதியாகச் சொல்லலாம். அந்த ஒன்று மட்டுமே காரணமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979-இல்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது; அதுவரை இந்த மாவட்டத்தின் வணிகம் பெரும்பாலும் சாலையை நம்பியே இருந்தது.

இப்போது என் ஆய்வில் மிக அதிக ஆண்டுகளை எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தன. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நான் இங்கே மறுபடியும் விசாரிக்கப் போவதில்லை. மொழியால் அது நம் மக்களின் விருப்பம், அதற்காக உயிர் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். புவியியலாளனாக நான் பார்ப்பது, அதுவரை ஒன்றாக இயங்கிய ஒரு பொருளாதார வட்டாரத்தின் நடுவே ஒரு கோடு விழுந்தபோது கோட்டின் இரு புறமும் என்ன நடந்தது என்பதை. தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். நெய்யாறு அணை கேரளத்தில் இருக்கிறது. அதன் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு தாலுகாவில் சுமார் 9,200 ஏக்கருக்குப் பாசனம் தருவதற்காக அமைந்தது. 2004 முதல் அந்தத் தண்ணீர் வரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்தக் கால்வாயின் கடைமடைப் பகுதியில் நெல் போய் வாழையும், வாழை போய் ரப்பரும் வந்த நிலங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தண்ணீர் நின்றதால்தான் நெல் போயிற்று என்று ஊரில் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் தண்ணீர் தடையில்லாமல் பாய்ந்த கோதையாறு பாசனப் பகுதியிலும் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெற்போகங்களும் நின்றுபோன ஏலாக்கள் இருக்கின்றன. ஆகவே கால்வாய் வறண்டது ஒரு காரணம் என்பது உறுதி. அதன் பங்கு எவ்வளவு என்பது கூலி, நிலவிலை, அடுத்த தலைமுறையின் வேலை ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று.

கோடு தடுத்ததும் உண்டு, கொண்டுவந்ததும் உண்டு. முந்திரித் தொழிலின் தாயகம் கொல்லம். கேரளத்தில் தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றுக் குறைந்தபட்சக் கூலி உயர்ந்தபோது, ஆலை முதலாளிகள் பலர் கோட்டுக்கு இந்தப் புறம் ஆலைகளைத் திறந்தார்கள். கொட்டை ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது, பருப்பு வெளிநாட்டுக்கும் வடநாட்டுக்கும் போகிறது. நடுவில் சில நாட்கள் அது குமரி மாவட்டத்தில் தங்குவதற்கு ஒரே காரணம் இங்கே குறைந்த கூலிக்குக் கிடைத்த பெண்களின் கை. அண்டி ஆபீஸ் என்று நாம் சொல்லும் அந்த ஆலைகளில் ஒன்றுக்குள் நான் முதன்முதலில் நுழைந்தபோது பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தரையில் வரிசையாக உட்கார்ந்து, வறுத்த கொட்டையை ஒரு கல்லின்மேல் நிறுத்தி, சிறிய கட்டையால் ஒரே தட்டு. பருப்பு உடையாமல் வெளியே வர வேண்டும். உடைந்தால் விலை போய்விடும். தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும் என்பதால் விரல்களில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு வேலை செய்கிறார்கள், இருந்தும் விரல் நுனி கருத்துப்போயிருக்கிறது. கூலி நாள்கணக்கில் இல்லை, கிலோக்கணக்கில். என்னோடு பேசிய ஓர் அம்மா கையை நிறுத்தாமலேதான் பதில் சொன்னார். எழுத்தறிவில் முதலிடம் வகிக்கும் மாவட்டத்தில், பத்தாம் வகுப்பு வரை படித்த பெண்களுக்கு ஊருக்குள் கிடைத்த வேலை அதுவாகத்தான் இருந்தது. இதே மாவட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்களின் விகிதம் மாநில சராசரியைவிடத் தெளிவாகக் குறைவு என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வளர்ச்சிக் குறியீட்டில் பள்ளிக்குப் போன ஆண்டுகள் ஏறுகின்றன. அந்தக் கருத்த விரல்கள் எந்தக் குறியீட்டிலும் ஏறுவதில்லை.

ரப்பர் இதைவிடத் தெளிவான பாடம். தமிழ்நாட்டின் ரப்பர் பெரும்பாலும் நம் மாவட்டத்தில்தான் விளைகிறது. அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் உண்டு, ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகளின் விளைகளும் உண்டு. வெயில் ஏறுமுன் பால் நன்றாக வடியும் என்பதால் விடியாத நேரத்தில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டத் தொடங்குகிறார்கள். பாலை உறைய வைத்து, அச்சில் ஓட்டி, புகையில் காயவைத்த ஷீட்டைக் குலசேகரத்திலோ மார்த்தாண்டத்திலோ கடையில் கொண்டுபோய் எடை போடும்போது, கடைக்காரர் முதலில் சொல்வது கேரளத்தின் ரப்பர் சந்தையான கோட்டயத்தின் விலை. மரம் இங்கே, வெட்டுகிறவர் இங்கே, ஷீட் இங்கே. விலை பிறப்பது கோட்டயத்தில். கோட்டயத்தின் விலையோ தாய்லாந்திலும் டயர் நிறுவனங்களின் கொள்முதலிலும் கட்டுண்டிருக்கிறது. 2011-இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர் 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. ஏறியபோது நெல்வயலின் ஓரம் வரை கன்று நட்டார்கள். இறங்கியபோது வெட்டுக்கூலி கட்டுப்படியாகாமல் பலர் மரத்தில் பால்வெட்டாமல் விட்டார்கள், சிலர் பங்குக்கு விட்டார்கள். ஒரு ஷீட் டயராகி விற்கப்படும் வரை எத்தனை இடங்களில் அதன் மதிப்பு கூடுகிறதோ அந்த இடங்களில் மிகச் சிலவே இந்த மாவட்டத்துக்குள் இருக்கின்றன. மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலிலும் இதே வடிவத்தைக் காணலாம். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார் என்பது வரலாறு. நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தாது இங்கே பிரிகிறது. அதை வைத்துச் செய்யும் பொருள்கள் வேறிடங்களில் உருவாகின்றன.

சுவீடனின் பொருளியலாளர் குன்னார் மிர்தால் 1957-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஒரு மையம் வளரும்போது அதன் நன்மை சுற்றுப்புறத்துக்கும் பரவலாம், அல்லது சுற்றுப்புறத்தின் ஆளையும் பணத்தையும் அந்த மையமே உறிஞ்சிக்கொள்ளலாம். தலையிடாமல் விட்டால் பெரும்பாலும் இரண்டாவதுதான் வலுக்கும் என்பது அவர் கருத்து. குமரியில் உறிஞ்சப்படுவது முதன்மையாகப் படித்த இளைஞர்கள். 1806-இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மயிலாடிக்கு வந்ததிலிருந்து தொடங்கிய மிஷன் பள்ளிகள், திருவிதாங்கூர் அரசு கல்விக்குச் செய்த செலவு, அய்யா வைகுண்டர் முதல் தோள்சீலைப் போராட்டம் வரை தன்மதிப்புக்காக எழுந்த ஒடுக்கப்பட்ட மக்களின் இயக்கங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து இங்கே கல்வியை ஊன்றின. இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முயன்றவர்களை நான் படித்திருக்கிறேன். அவரவர் எந்தப் பக்கம் நின்று பார்த்தாரோ அந்தப் பக்கமே பெரிதாகத் தெரிந்திருக்கிறது. மூன்றும் ஒரே நிலப்பரப்பில் ஒரே காலத்தில் நடந்ததால், கையில் உள்ள சான்றுகளைக் கொண்டு அவற்றைப் பிரிக்க இயலாது என்பதே என் முடிவு. ஆனால் விளைவு உறுதியானது: ஆசிரியர், செவிலியர், பொறியாளர், கட்டடத் தொழிலாளர் என்று எல்லா நிலையிலும் இந்த மாவட்டம் ஆட்களை வெளியே அனுப்பி, பணத்தை உள்ளே வாங்குகிறது.

அந்தப் பணம் என்ன செய்கிறது என்பது என்னுடைய பிற்கால ஆர்வம். இதில் என் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். கேரளத்தில் 1998 முதல் புலம்பெயர்வு ஆய்வுகள் தொடர்ச்சியாக நடக்கின்றன. தமிழ்நாட்டில் 2015-இல் ஒன்று நடந்தது. மாநில எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இரு புறமும் ஒரே மாதிரி வாழும் குடும்பங்கள் இரண்டு வேறு கணக்குகளில், இரண்டு வேறு கால இடைவெளிகளில் பதிவாகின்றன. ஆகவே தொகையைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. நிலத்தில் தெரிவதைப் பற்றிப் பேசலாம். வெவ்வேறு காலத்து இரண்டு தலப்படங்களையும் ஒரு செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், ஏலாக்களின் ஓரம் முதலில் தென்னையாகிறது, பிறகு மண் நிரப்பப்படுகிறது, பிறகு வீடாகிறது. வெளியூரில் சம்பாதித்த பணம் பெரும்பாலும் நிலத்திலும் வீட்டிலும் பிள்ளைகளின் படிப்பிலும் இறங்குகிறது; தொழிலில் இறங்கியது குறைவு என்பது நான் பேசிய குடும்பங்களில் கண்டது. நான் பேசிய குடும்பங்கள் பெரும்பாலும் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் உட்பகுதியைச் சேர்ந்தவை. தூத்தூர் போன்ற ஆழ்கடல் மீனவர் ஊர்களின் பணம் படகிலும் வலையிலும் இறங்குகிறது, அது வேறு கணக்கு. கடற்கரையை நான் கரையில் நின்று மட்டுமே பார்த்தவன். 2004 சுனாமிக்கும் 2017 ஒக்கிப் புயலுக்கும் பிறகு அங்கே நடந்த மாற்றங்களைப் பற்றி அந்த மக்களிடமிருந்தே ஆய்வாளர்கள் வர வேண்டும்.

பெரிய திட்டம் ஒன்று வந்தால் எல்லாம் மாறிவிடும் என்ற பேச்சையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். இனயத்தில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் அமைக்க 2016-இல் மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. பிறகு இடம் நம் மாவட்டத்திலேயே உள்ள கோவளம் - மணக்குடி பகுதிக்கு மாற்றப்பட்டது. மீனவர்களின் எதிர்ப்பால் அதுவும் நடக்கவில்லை. 2025-இல் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. களியக்காவிளையிலிருந்து அது அதிக தூரம் இல்லை. ஒரு பெரிய தொழிலை ஓரிடத்தில் நட்டால் சுற்றுப்புறம் தானே வளரும் என்ற வளர்ச்சி முனைக் கோட்பாட்டை, பிரெஞ்சுப் பொருளியலாளர் பெரூ 1950-களில் முன்வைத்ததிலிருந்து, பல நாடுகள் சோதித்துப் பார்த்திருக்கின்றன. உள்ளூர்த் தொழில்களோடு கொடுக்கல் வாங்கல் உண்டான இடங்களில் அது பலித்திருக்கிறது. அது உண்டாகாத இடங்களில் வேலிக்குள்ளேயே வளர்ச்சி நின்றுவிட்டது. இதுவரை குமரிக்கும் கேரளத்தின் கட்டுமானங்களுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் கொடுக்கல் வாங்கல், நம் குன்றுகளிலிருந்து கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு எல்லையைக் கடக்கும் டாரஸ் லாரிகள்தான். கல் ஒருமுறைதான் விற்கும். சிதைந்த குன்றும் சாலையும் நமக்கு மிஞ்சும். துறைமுகம் முழுமையாக இயங்கும்போது பழுதுபார்ப்பு, குளிர்பதனக் கிடங்கு, மீன் ஏற்றுமதி என்று வேறு தொடர்புகள் வரலாம். வருமா என்பதை அனுமானத்தால் சொல்ல முடியாது. இப்போதே களியக்காவிளைச் சாலையில் எண்ணத் தொடங்கினால் பத்து ஆண்டுகளில் சொல்லலாம்.

ஆகவே உங்களுக்கு என்ன பின்னணி வேண்டும் என்றால், தலப்படம் வாசிப்பதையும் மண்ணையும் மழையையும் விட்டுவிடாதீர்கள், கணினியில் வரைபடம் தயாரிக்கும் ஜி.ஐ.எஸ். மென்பொருள் கற்றவர்கள் பலரிடம் இப்போது இல்லாதது அதுதான். புள்ளியியலை ஓரளவாவது முறையாகப் படியுங்கள். வட்டாரப் பொருளியலில் ஒரு தாளாவது எழுதுங்கள். விளவங்கோட்டைப் படிக்க மலையாளம் வாசிக்கத் தெரிந்திருப்பது பெரிய பலம், ஏனென்றால் 1956-க்கு முந்திய நிலப்பதிவுகள் பல அந்த எழுத்தில்தான் இருக்கின்றன. ஆய்வுத் தலைப்பாக ‘குமரி மாவட்டத்தின் பொருளாதார வளர்ச்சி’ என்று எடுக்காதீர்கள். ஒரே ஒரு பொருளை எடுத்து, அது உங்கள் ஊரில் பிறந்த இடத்திலிருந்து கடைசியாக விற்கும் இடம் வரை நடந்தே போய்ப் பாருங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே மார்த்தாண்டம் தேன் இருக்கிறது. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஊரகப் புனரமைப்பு மையம் பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பியதிலிருந்து, 1990-களின் தொடக்கத்தில் வைரஸ் நோயால் நாட்டுத் தேனீக் கூட்டங்கள் அழிந்து, ரப்பர் தளிர்க்கும் பருவத்தை நம்பி மீண்டும் எழுந்தது வரை, பெட்டிகளை லாரியில் ஏற்றி இடம்விட்டு இடம் கொண்டுபோகும் ஒரு தொழில் அது. இவ்வளவு நகரும் ஒரு பொருளை ஒரு புவியியலாளர் இன்னும் முழுமையாகப் படத்தில் வரையவில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

முந்திரியை எடுத்தீர்களானால் ஒன்று மட்டும் கவனியுங்கள். வேலை நேரத்தில் ஆலைக்குள் போய்க் கேள்வி கேட்காதீர்கள். உங்களுக்குப் பதில் சொல்லும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களின் கிலோவில் குறையும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வீட்டுக்குப் போங்கள். வினாத்தாளை முதலில் எடுக்காமல், எந்த ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தீர்கள் என்று தொடங்குங்கள். என் குறிப்பேடுகளில் 1980-களின் இறுதியில் எடுத்த சந்தைக் குறிப்புகளும் ஊர்ப்படங்களும் இருக்கின்றன. நீங்கள் எந்தப் பொருளை எடுப்பதாக முடிவு செய்தாலும் இங்கேயே எழுதுங்கள்; அதற்குரிய பக்கங்களைப் பிரதி எடுத்துத் தருகிறேன்.